பூங்காவில் கொள்ளு விதைத்த வருஷம்

போர்வெல் லாரியில் கொஞ்ச காலம் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. மழை பொய்த்த வருஷங்கள். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைப்போம். தண்ணீர் வந்த இடங்களைவிட வெள்ளைத்தூசி வந்த இடங்கள்தான் அதிகம். தூசி வரும்போது நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்காதே என்று லாரியில் மூத்தவர் சொல்லியிருந்தார். நான் பார்த்துவிடுவேன். அதனாலோ, காது இரண்டும் எந்நேரமும் இரைந்துகொண்டே இருந்ததாலோ, தர்மபுரியில் டயர் மாற்ற லாரி நின்றபோது துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்படி இறங்குவது எனக்குப் புதிதும் அல்ல. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியதே அப்படித்தான். பெங்களூர் ஓட்டல், ஓசூர்ப் பக்கம் கல்குவாரி, அப்புறம் போர்வெல். கடத்தூருக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அதை நம்பி நான் அங்கே இருக்க வேண்டிய அவசியம் நிலத்துக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இறங்கிய அன்று மத்தியானம் படுக்க இடம் தேடியபோதுதான் அந்தப் பூங்காவைப் பார்த்தேன். ஊரே காய்ந்து கிடந்தது. வேப்பமரம்கூடப் புழுதி படிந்து சாம்பல் நிறத்தில் நின்றது. நடுவில் பச்சைப் பசேலென்று புல்தரை. காலை வைத்தால் ஈரம் தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவர்கள், பெண்ணாகரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் சோற்று மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் புல்லை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நானும் படுத்தேன். லாரியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

அந்தப் பச்சைக்குக் காரணம் பூங்காவின் மூலையில் இருந்த கிணறு. ஐந்து எச்பி மோட்டார் போட்டு விடியற்காலையில் இறைத்து ரப்பர் குழாயில் புல்லுக்குப் பாய்ச்சுவார்கள். அந்த மோட்டார் சத்தம் கேட்கும் தூரத்தில், பூங்காவின் பின்தெருவில், குழாயில் தண்ணீர் வந்து வாரத்துக்கு மேலாகியிருக்கும். குடங்கள் வரிசையாக நிற்கும். குடத்துக்குப் பதிலாகக் கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு வேலைக்குப் போனவர்களும் உண்டு. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் புல் குடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் குடங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆவணி மாதம் முனிசிபாலிட்டி இன்ஜினியர் புல்லை எடுத்துவிட முடிவு செய்தார். கிணற்றுத் தண்ணீரைப் பின்தெருவுக்குத் திருப்பி ஒரு குழாய் வைப்பது, புல் இருந்த இடத்தில் கல்குவாரிச் சில்லு ஜல்லி கொட்டிப் பரப்புவது என்று திட்டம். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அவருக்கு. அதிகம் பேசமாட்டார். கொத்தவும் பெயர்க்கவும் ஆள் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். அங்கேயே படுத்துக் கிடந்த என்னைத்தான் முதலில் கேட்டார்.

"ஏப்பா, சும்மாதான கெடக்கற? கடப்பாரை புடிப்பியா?"

"புடிப்பேனுங்க."

"எந்திரி அப்போ. நீ படுத்திருக்கற எடத்துல இருந்தே ஆரம்பிச்சுக்கலாம்."

வேலைக்கு ஆறு பேர். மேஸ்திரி, நான், நான்கு பெண்கள். அந்த நான்கில் ஒருத்தரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அந்தப் பூங்காவின் புல்லில்தான் அவருடைய மாடு உயிர் வாழ்ந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். கிணறு வற்றி, புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளோடும் ஒரே மாட்டோடும் தர்மபுரிக்கு வந்து, பின்தெருவில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு இருந்தார். பூங்காவின் நடைபாதையைத் தினமும் கூட்டித் தருவார்; அதற்குக் கூலி இல்லை, வெட்டுகிற புல் அவருக்கு. அதுதான் ஏற்பாடு. பால் இரண்டு டீக்கடைகளுக்குப் போனது. மகள் டீச்சர் டிரெயினிங் படித்தது அந்தப் பாலில்தான்.

மாடு தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாங்கியது. அதற்குக் கன்னடம்தான் புரியும் என்று அக்கா அடித்துச் சொல்வார். 'பா இல்லி' என்றால்தான் வரும், தமிழில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். உண்மைதான்.

அந்த வருஷம் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குப் போன மாடு வளர்ப்பு மாடாகத் திரும்பவில்லை. அடிமாடாக லாரி ஏறியது. லாரியில் நெருக்கி ஏற்றிய மாடுகளின் கொம்புகள் கம்பியில் உரசுகிற சத்தம் பைபாஸ் ரோட்டில் தினமும் கேட்கும். அக்காவின் மாடு அப்போது சினை. மார்கழியில் கன்று போட வேண்டும்.

முதல் நாள் அவர் மண்வெட்டியோடு வந்து நின்றபோது மேஸ்திரிக்கே சங்கடமாகிவிட்டது.

"ஏம்மா, ஒன் மாட்டுத் தீனிய நீயே வெட்ட வந்திருக்கியா?"

"வேற யாராச்சும் வெட்டுனா மட்டும் புல்லு வலிக்காதுங்களா?"

"அதுக்கில்ல தங்கச்சி. இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாமில்ல? ஒரு மூலையையாவது விட்டு வையுங்கன்னு."

"சொல்லி? எங்க தெருவுல தொண்ட நனைக்கத் தண்ணி இல்ல. எம் மாட்டுக்குப் புல்லு வேணும், அதனால நீங்கல்லாம் காஞ்சு கெடங்கன்னு நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றதுங்க? நாளைக்கு அதே வரிசையிலதான நானும் கொடத்த வெக்கணும்."

"மாடு?"

"மார்கழி வரைக்கும் காப்பாத்திட்டன்னா கன்னு வந்துரும், பாலு வந்துரும். அப்புறம் தவுடு வாங்கிக்குவேன். முடியலன்னா சந்தை இருக்குது." அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. வெட்டுவதையும் நிறுத்தவில்லை.

இப்படிப் பேசுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கஷ்டப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனக்கு நஷ்டம் வருகிற நியாயத்தை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மண்வெட்டியும் பிடித்தவரை அவரைத் தவிர எனக்குத் தெரியாது.

நாங்கள் பெயர்த்துப் போடுகிற புல்லை அவர் ஒரு கத்தையும் விடவில்லை. வேரோடு வருகிற மண்கட்டியை முழங்காலில் தட்டி உதிர்ப்பார். மண்ணோடு தின்றால் மாட்டுக்கு வயிறு கெடும். வேலை முடிந்த பிறகு அதை மோட்டார் ரூம் கூரையில் பரப்பிக் காயவைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டினார். அந்த மோட்டார் ரூமில்தான் நான் படுத்துக்கொள்ள மேஸ்திரி இடம் கொடுத்திருந்தார். தலைக்கு மேலே புல் வாசனை. அந்தக் கட்டுகளைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்தது. ஐப்பசி தாண்டாது.

புல் முழுக்கப் போனதும் பின்தெருவில் குழாய் திறந்தார்கள். விழா எதுவும் இல்லை. இன்ஜினியர் திருகினார், தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். பெண்கள் சத்தம் போட்டார்கள். ஒரு பாட்டி குடத்தை வைக்க மறந்துபோய்த் தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றது. பின்னால் நின்றவர்கள் திட்டவும்தான் குடத்தை எடுத்தது. அக்கா தன் முறை வந்ததும் குடம் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நம்ம புல்லு குடிச்ச தண்ணி நல்லாத்தான் இருக்குது தம்பி," என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஜல்லி வந்தது. பாதிப் பூங்காவுக்குத்தான் வந்தது. கறுப்பும் சாம்பலுமாகச் சில்லு. மட்டமாகப் பரப்பி, ஓரம் கட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது. இன்ஜினியர் இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

என்ன விலை கொடுத்தோம் என்பது மறுநாள் மத்தியானம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு குடும்பம் எப்போதும்போல உள்ளே வந்து, ஜல்லியில் துண்டை விரித்து உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தது. கல் சுட்டது. அது வெயில் போன பிறகும் சுட்டது. சாயங்காலம் காற்று வாங்க வந்தவர்களுக்குக் காற்றே சூடாகத்தான் கிடைத்தது. கிழவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஜனம் இல்லை என்று சுண்டல்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். வாய்தாவுக்கு வந்தவர்கள் சாக்கடை ஓரத்துச் சுவர் நிழலில் குந்தியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் புல்லைத் தேய்த்த அந்தக் கிழவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. தண்ணீர் மிச்சம், அதில் சந்தேகமே இல்லை. பின்தெருவில் குடம் நிறைந்தது. ஆனால் குடம் வைக்கத் தெரு இல்லாத ஜனமும் அந்த ஊரில் தினம் வந்து போனது. அவர்களுக்கு மிச்சமான தண்ணீரும் கிடைக்கவில்லை, படுக்க இடமும் போயிற்று.

மறுபாதிக்கு ஜல்லி வரவில்லை. லாரிகளை ரோட்டு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். பெயர்த்துப் போட்ட மண் அப்படியே பொலபொலவென்று திறந்து கிடந்தது. கம்பி ஓரம் கல் பொறுக்குவதும் வரப்பு கட்டுவதுமாக எங்களுக்குச் சில்லறை வேலை ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாசி பாதியில் ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்தது. எத்தனையோ மாதம் கழித்து வந்த மழை. ஜனங்கள் ஓடி ஒதுங்கவில்லை. கடை வாசல்களில் இருந்து இறங்கி வந்து நனைந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்தபோது அந்த மண்ணைப் பார்த்தேன். கறுத்து, உப்பி, மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மானாவாரிக் காட்டில் பிறந்தவனுக்கு அந்த மண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்த ஈரம் இரண்டு நாளில் போய்விடும். போனால் போனதுதான். எங்கள் பக்கத்தில் இந்த ஈரத்துக்கு என்றே ஒரு பயிர் உண்டு, கொள்ளு. முளைக்க ஒரு மழை போதும். மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும்.

எல்லாரும் வந்துவிட்டோம். யாரும் வேலையை ஆரம்பிக்கவில்லை. இண்டூரில் இருந்து வருகிற பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவார்.

"மேஸ்திரி, வேட்டி மடியில என்னாங்க அத்தனை கனம்?"

"வெத்தலப் பை."

"வெத்தலப் பையா? தோட்டத்தையே மடியில கட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"ஒன் முந்தானையில மட்டும் என்ன முடிச்சு?"

"அது எங்கூட்டுக் கடல."

"எங்க, அவுத்துக் காட்டு பாப்போம்."

"நீங்க மொதல்ல அவுத்துக் காட்டுங்க, அப்புறம் நான் அவுக்கறேன்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரி வெட்கத்தோடு மடியை அவிழ்த்தார். கொள்ளு. இண்டூர்க்காரி முந்தானையை அவிழ்த்தாள். கொள்ளு. மற்ற இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, சோற்றுத் தூக்கின் மேல்தட்டைத் திறந்தார்கள். அதிலும் கொள்ளு. என் துணிப்பையில் இருந்ததையும் எடுத்தேன். காலையில் மண்டிக்கடை திறக்கும்வரை நின்று வாங்கியது. அந்த ஊரில் எனக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது. எதற்கு வாங்கினேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. ஒருத்தரும் ஒருத்தரிடம் சொல்லிவைக்கவில்லை.

அக்கா மட்டும் கைகட்டி நின்றிருந்தார்.

"ஏனக்கா, நீங்க கொண்டாரல?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் காட்டினார். அதில் தண்ணீர் இல்லை. பாதிக் குடம் கொள்ளு. மாட்டுக்கு வேகவைத்துப் போட வைத்திருந்ததில் பாதியை அள்ளி வந்திருந்தார்.

அப்போதுதான் தப்பு நடந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் விதை போதும். அது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். ஆனால் விதைக்க என்று மடியில் கட்டி வெளியே எடுத்து வந்த பயறைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள்; எங்கள் பக்கம் அது ஆகாது. மேஸ்திரி விதைத்துவிட்டு வந்த இடத்திலேயே இண்டூர்க்காரி விதைத்தாள். அதன் மேலேயே மற்றவர்கள். கடைசியாக அக்கா, வாய்க்குள் மாதா மந்திரம் சொல்லிக்கொண்டு, பாதிக் குடத்தையும் வீசி முடித்தார்.

இன்ஜினியர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தபோது நாங்கள் கையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

"என்னய்யா நடக்குது இங்க?"

 அவர் குனிந்து ஒரு விதையை எடுத்துப் பார்த்தார்.

"கொள்ளு! முனிசிபாலிட்டி பார்க்குல கொள்ளு! யாரக் கேட்டு வெதைச்சீங்க?"

"மழையக் கேட்டுங்க சார்," என்றார் மேஸ்திரி.

"வெளையாடறியா? அடுத்த வாரம் ஜல்லி வந்தா எங்க கொட்றது? ஒன் தலையிலயா?"

மேஸ்திரி தலையைத் தடவிக்கொண்டார். இண்டூர்க்காரிதான் விடவில்லை. "சார், நீங்க எந்த ஊருங்க?"

"அரூர்ப் பக்கம். எதுக்கு?"

"அங்கயும் நேத்து மழைங்களா?"

"நல்ல மழை."

"வூட்ல காடு இருக்குதுங்களா?"

அவர் ஈர மண்ணைப் பார்த்தார். "இருக்குது. அப்பா இந்நேரம் ஏரு பூட்டியிருப்பாரு."

சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். உருண்டை நின்றது. அதை உடைத்து, மூக்கருகே கொண்டுபோனார். பேன்ட் முழங்காலில் சேறு ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.  அக்காவைப் பார்த்தேன். அவர் கழுத்து ஜெபமாலையின் சிலுவையை இறுகப் பிடித்திருந்தார். அந்த மாட்டின் விதி அந்த மனிதர் கையில் இருந்த மண்ணில் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

எழுந்தார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"வெதை மேலாப்புல கெடக்குதே, மூட வேணாமா? குருவி பொறுக்கித் தின்னட்டும்னா வெதைச்சீங்க? வேலியோரம் அத்தன முள்ளு இருக்குது. வெட்டி இழுங்கய்யா!"

ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். கருவேல முள்ளை வெட்டி, அதன்மேல் ஒரு கல்லைக் கட்டி, நானும் மேஸ்திரியும் அந்த மண் முழுக்க இழுத்தோம்.

முளைத்தபோது தப்பு தெரிந்தது. கடுகு போட இடமில்லாமல் அத்தனை நெருக்கம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற குடியானவர்கள் கம்பி ஓரம் வந்து நின்று பார்ப்பார்கள். ஜல்லி போட்ட பாதியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் ஆளுக்கு ஒரு குறை சொல்லாமல் போகவில்லை.

"ஏம்ப்பா, வெதைச்சவன் குடிச்சிருந்தானா?"

"பாதியப் புடுங்கி எறிங்க. இல்லாட்டி ஒண்ணும் காய்க்காது."

அதைத்தான் செய்தோம். ஆனால் எறியவில்லை. தினமும் காலையில் அக்கா ஒரு பாத்தி களைவார். பிடுங்கிய இளங்கொள்ளை முந்தானையில் கட்டிக்கொண்டு போவார். பச்சைக் கொள்ளை அப்படியே போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும் என்று, கூரையில் காய்ந்த பழைய புல்லில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். ஐப்பசிக்குள் தீர்ந்துபோயிருக்க வேண்டிய புல் அதனால் நீண்டது. இரண்டு பேர் விதை மட்டும் சரியான அளவில் விழுந்திருந்தால் களைய ஒன்றும் இருந்திருக்காது. எங்கள் தப்பைத்தான் அந்த மாடு தின்றது.

தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. பனி இறங்கியது. விடிந்ததும் பார்த்தால் ஒவ்வோர் இலையிலும் ஈரம். பழைய புல்தரையைப்போல மட்டமான பச்சை இல்லை. கொடி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அலை அலையாகக் கிடக்கும். அதில் யாரும் படுக்க முடியாது, அது குறைதான். ஆனால் அந்தப் பக்கம் கம்பி ஓரத்தில் நின்றால் காற்று குளிர்ந்திருந்தது. சுண்டல்காரர் ஒரு சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்து அந்த ஓரமாகவே உட்கார்ந்தார்.

நான் எந்த ஊரிலும் அத்தனை நாள் தங்கியதில்லை. போர்வெல் லாரிக்காரர்கள் ஒருமுறை டீக்கடையில் பார்த்து, வா என்று கூப்பிட்டார்கள். விதைத்திருக்கிறேன், வர முடியாது என்றேன். அவர்கள் நான் நிலம் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார்கள்.

கார்த்திகையில், பயிர் பூவெடுக்கிற நேரத்தில், ஜல்லி லாரி வந்தது. இன்ஜினியர் சேலம் போயிருந்தார். லாரியைப் பின்பக்கமாக உள்ளே விட்டுத் தொட்டியைத் தூக்க வேண்டியதுதான். மேஸ்திரி ஓடிப்போய்க் கையை நீட்டி நிறுத்தினார்.

"அண்ணே, கொஞ்சம் வெளியவே கொட்டிட்டுப் போங்களேன்."

"எனக்கு உள்ள கொட்டச் சொல்லித்தான் சீட்டு. வெளிய கொட்னா யாரு பதில் சொல்றது?"

அக்கா பிடுங்கிய கொள்ளுச் செடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.  கெஞ்சியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பாரமாக இருந்திருக்காது. டிரைவர் பின்னால் இடம் பார்க்கக் கீழே இறங்கினார். பார்த்தார். பூவை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"இதென்ன, பயிரா?"

"ஆமாங்க."

"பூவெடுத்த பயிரு மேல கல்லக் கொட்டச் சொல்லியா என்னைய அனுப்பிச்சாங்க?" யாரையோ திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். "எங்கையால ஆவாது சாமி. எங்கப்பன் காட்டுல குந்தியிருக்கான், பாப்பாரப்பட்டியில. அவனுக்குத் தெரிஞ்சா சோறு போட மாட்டான்." கிளம்புகிறபோது தலையை வெளியே நீட்டி, "இத்தன நெருக்கியா வெதைப்பாங்க?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

ஜல்லியை வாசலுக்கு வெளியே ரோட்டோரம் கொட்டினார். அதில் பாதி, வண்டிச் சக்கரத்திலும் வீடு கட்டுகிறவர்கள் கூடையிலும் போய்விட்டது. மறுபடி வாங்க வேண்டிவந்தது. இன்ஜினியரிடம் மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னார். அவர் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. வருவார், கம்பி ஓரம் நிற்பார், காய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார், போவார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. அக்கா களைய வரவில்லை. நானும் மேஸ்திரியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம். முந்தின நாள் மாடு நிற்க முடியாமல் தவித்ததாகச் சொல்லியிருந்தார். 

வெயில் ஏறிய பிறகு அக்கா வந்தார். இரண்டு கையிலும் துணியால் பிடித்த ஒரு பெரிய போசி. கண் சிவந்து, சேலை முழுக்கச் சாணமும் ரத்தக் கறையும். போசியைக் கீழே வைத்துத் தட்டை எடுத்தார். ஆவி வந்தது. சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிக் கட்டிக் கட்டியாகத் திரண்டிருந்தது.

"என்ன கன்னுக்கா?"

"கெடேரி. பொறந்ததும் எந்திரிச்சு நின்னுருச்சு. கன்னடத்துக்காரி மகளாச்சே."

ஆளுக்கு ஒரு கரண்டி இலையில் வைத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் இன்ஜினியர் ஸ்கூட்டர் வந்தது. நாங்கள் எழுந்தோம். உட்காருங்க என்று கையைக் காட்டினார். அக்கா அவருக்கும் ஓர் இலை எடுத்து நீட்டினார். அவர் சுற்றிலும் பார்த்தார். உட்கார வேறு இடம் இல்லை. வாசலோரம் மிச்சம் கிடந்த ஜல்லிக் குவியலின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். காலை என்பதால் கல் அவ்வளவாகச் சுடவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு இலையை மடித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, தை அறுப்பு முடிஞ்சதும் இந்தப் பாதிக்கும் ஜல்லிதான். அதுல மாத்தமில்ல. அடுத்த வருசம் இதுமாதிரி நடக்காது."

"தெரியுங்க சார்."

"அப்போ மாடு?"

"அறுத்த கொடி கொஞ்ச நாளைக்கு வரும். பாலு வருது, தவுடு வாங்குவேன்." அக்கா போசியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்தார். "அடுத்த வருசத்த மாடு இன்னும் கேக்கல சார். இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

இன்ஜினியர் மடித்த இலையைத் திரும்பப் பிரித்து நீட்டினார்.